எந்தப் பக்கம் போகிற பஸ்

தேவயானி மேஸ்திரி செய்தித்தாள் படித்தவள் இல்லை. பஸ்ஸைப் படிப்பாள். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ் வந்து நின்றதும் உள்ளே எவ்வளவு கூட்டம், கூரைமேல் எவ்வளவு இரும்புச் சட்டி, எவ்வளவு மண்வெட்டி என்று ஒரு பார்வை பார்ப்பாள். நிரம்பி வழிந்தால் அங்கே வேலை நடக்கிறது. காற்று வாங்கிக்கொண்டு போனால் வேலை படுத்துவிட்டது. நாட்டு நிலவரம் தெரிந்துகொள்ள அவளுக்கு அது போதும்.

குடிபாலாவுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம் அவளுடையது. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் மருந்துக்குக்கூட நிலம் கிடையாது. பெங்களூரில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைக்க ஆரம்பித்த காலத்தில் சித்தாளாகப் பஸ் ஏறினாள். பத்து வருஷத்தில் தானே ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிற மேஸ்திரி ஆகிவிட்டாள். பொம்பளை மேஸ்திரியா என்று முகவாயில் கை வைத்தவர்கள், சனிக்கிழமை சாயங்காலம் கூலி தவறாமல் வரவே கையை எடுத்துவிட்டார்கள். அவள் புருஷன் ஆதிநாராயணனும் அவளிடம்தான் சென்ட்ரிங் வேலை. அவன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவன் பங்கையும் சேர்த்து அவள் பேசிவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளின் வாயை அடைத்தது ஒரு கட்டி. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஆடி மாதம் குளிக்கும்போது இடது மார்பில் கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததை யார் சட்டை செய்கிறார்கள்? சைட்டில் கான்கிரீட் முடியட்டும், பண்டிகை போகட்டும் என்று தள்ளிப்போட்டு, திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அது நெஞ்சின் உள்சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் பிரேமலதா பலமனேர்க்காரர். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார், அல்லது தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். மழுப்பத் தெரியாதவர். புற்றுநோய்தான் என்று நேராகச் சொன்னார். ஒட்டியிருக்கிற கட்டியில் இப்போது கத்தி வைக்க முடியாது, முதலில் மருந்து ஏற்றுவோம், கட்டி சுருங்கிச் சுவரை விட்டு நகர்ந்தால் ஆபரேஷன், நகராவிட்டால் வேறு வழி யோசிக்கலாம் என்றார். ஆஸ்பத்திரியில் 'யோசிக்கலாம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது தேவயானிக்குத் தெரியும். கட்டி நகர வேண்டும். நகர்ந்தால் உயிர், இல்லையென்றால் இல்லை. அன்றிலிருந்து குளிக்கும்போதுகூட அந்தப் பக்கம் அவள் கையைக் கொண்டுபோகவில்லை. சோப்புகூட அந்த எல்லையைத் தாண்டவில்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து. ஒவ்வொரு முறையும் மருந்து ஏறுவதற்கு முன்னால் சுமித்ரா வந்து ஒரு குழாய் ரத்தம் அதிகமாக எடுத்துக்கொண்டு போவாள். சுமித்ரா சித்தூர் டவுன் பெண், அங்கே ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். ஆரம்பத்திலேயே எல்லாம் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தாள்தான். ஆனால் அன்றைக்குத் தேவயானியின் காதில் எதுவும் விழவில்லை. இரண்டாவது தடவைதான் வாய் திறந்தது.

"ஏம்மா, வரச்சொல்லோ எல்லாம் உறிஞ்சிக்கினு போறியே, எங்கனா விக்கிறியா இன்னா?"

சுமித்ரா கோபித்துக்கொள்ளவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். கட்டி வளர அதற்கு ரத்தம் வேண்டும். ரத்தம் வர புதுக் குழாய் வேண்டும். அதனால் கட்டி உடம்புக்குள் சேதி அனுப்புகிறது. அந்தச் சேதியைக் கேட்டு எலும்புக்குள்ளிருந்து சில அணுக்கள் கிளம்பி, ரத்தத்திலே ஓடி வந்து குழாய் கட்டிக் கொடுக்கின்றன என்று நினைக்கிறோம். அந்த அணுக்களுக்குச் சாயம் ஏற்றி, மெஷினில் வெளிச்சத்துக்கு முன்னால் வரிசையாக ஓடவிட்டு எண்ணுகிறோம். மருந்து ஏற ஏற அந்தக் கணக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை என்றாள்.

தேவயானி கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள்.

"அப்போ உள்ள ஒரு மேஸ்திரி குந்திக்கினு ஆள் கூப்புடறான். எலும்புலருந்து ஆளுங்க பஸ்ஸு ஏறி வந்துக்கினே கீறாங்க. நீ நடு ரோட்டுல நின்னுக்கினு பஸ்ஸுல எத்தினி தலைன்னு எண்ணுற. அதானே?"

"அதேதான்க்கா" என்று சுமித்ரா சிரித்துவிட்டாள்.

அன்றிலிருந்து இருவருக்கும் அதுதான் பேச்சு. தொழில்முறையில் அந்த உள் மேஸ்திரியைத் தேவயானியால் மதிக்காமல் இருக்க முடியவில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருகிறதென்றால் சும்மாவா? அவள் சைட்டுக்கு ஆள் சேர்க்க வீடு வீடாகப் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கிறது. இருந்தாலும் அவன் சைட்டை இழுத்து மூடியே ஆகவேண்டும் என்று கறுவிக்கொண்டாள். இன்றைக்குப் பஸ்ஸில் எத்தனை பேர் என்று வருகிறபோதெல்லாம் கேட்பாள். ஆராய்ச்சி முடிகிற வரைக்கும் கணக்கைச் சொல்லக் கூடாது என்று சுமித்ரா தலையாட்டுவாள்.

இதற்கிடையில் முடி கொட்டிவிட்டது. வேறு ஊராக இருந்தால் அது பெரிய துக்கம். திருப்பதியில் மொட்டைத் தலைக்கு மரியாதை அதிகம். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். தரிசனம் நன்றாக ஆச்சா என்று விசாரித்தார்கள். ஊரில் இறங்கினால் லட்டு எங்கே என்று கையை நீட்டினார்கள். தேவயானி அதையே பிடித்துக்கொண்டாள். மேஸ்திரிக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் ஆட்கள் அடுத்த மேஸ்திரியிடம் போய்விடுவார்கள். அது அவர்கள் தப்பும் இல்லை. ஒரு வருஷத்துக்குத் தலையில் முடி வைப்பதில்லை என்று பெருமாளிடம் வேண்டுதல் என்று சொல்லிவிட்டாள். அதை மெய்யாக்க ஒவ்வொரு தடவையும் ஆதிநாராயணன் போய் லட்டு வாங்கி வரவேண்டியதாயிற்று. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். தேவயானியின் புளுகுக்கு ஏழுமலையான் லட்டே துணை இருந்ததால் அது மாதக்கணக்கில் ஓடியது.

நாலாவது தடவை வந்தபோதுதான் விபரீதம். மருந்து ஏற இன்னும் நேரம் இருந்தது. டீ குடிக்கப் போன ஆதிநாராயணனைத் தேடி எழுந்தவள், ரத்தம் எடுக்கிற அறையைத் தாண்டும்போது சுமித்ராவின் குரல் கேட்டு நின்றாள். உள்ளே போனில் யாரிடமோ தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். சித்தூர் மேஸ்திரியம்மா என்ற பேச்சு அடிபட்டது. அப்புறம் தெளிவாக ஒரு வாக்கியம் காதில் விழுந்தது.

"ஆமெதி பாகா பெரிகிந்தி, மேடம்."

அவளுடையது நன்றாக ஏறியிருக்கிறது. எல்லைக்கோட்டில் பிறந்தவளுக்கு இதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா? பஸ் நிரம்பி வழிகிறது. உள்ளே வேலை ஜோராக நடக்கிறது. இத்தனை மருந்தும் கடலில் கரைத்த பெருங்காயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்வார்கள். அவள் அரண்டுதான் போனாள். உள்ளே நுழைந்து என்னவென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரையே கேள்வி கேட்கிற வாய், தன் சாவைப் பற்றிக் கேட்க எழவில்லை.

வெளியே வந்து ஆதிநாராயணனிடம், மருந்து போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கையில் இருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டு, சரி என்றான். சந்திரகிரி வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தாள். அழுதாள். நன்றாகவே அழுதாள். பக்கத்து சீட் அம்மாள் மொட்டைத் தலையைப் பார்த்து, பெருமாளை விட்டுப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக் கோவிந்தா சொன்னாள்.

வீட்டில் படுத்துச் சாவதற்கு அவள் தயாராக இல்லை. போகிற உயிர் வேலையில் போகட்டும் என்று முடிவு கட்டினாள். பெங்களூரில் பாதியில் நிற்கிற அடுக்குமாடிக்கு ஆள் வேண்டும் என்று தீபாவளிக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். பத்து நாளில் ஆள் திரட்டிவிட்டாள். கார்த்திகை மாதக் காலையில் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் சட்டி, பாய், மண்வெட்டி, கைக்குழந்தைகளோடு அவள் கூட்டம் நின்றது. ஆதிநாராயணன் வழக்கமான சாக்குப்பையோடு ஒரு மஞ்சள் பையும் வைத்திருந்தான். அது என்னவென்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

அப்போது பெங்களூரிலிருந்து வந்த பஸ் ஒன்று உள்ளே திரும்பியது. படிக்கட்டில் ஆள், ஏணியில் ஆள், கூரைமேல் சட்டியும் பாயும் மலையாகக் குவிந்திருந்தன. தேவயானியின் கண் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தது. நல்ல கூட்டம், நல்ல வேலை என்று மனசு வாய்ப்பாடு சொன்னது. பிறகுதான் அது இடறியது. இந்தப் பஸ் போகவில்லை. வந்திருக்கிறது.

இறங்கினவர்களில் ரத்தினம்மாவும் இருந்தாள். அவளும் ஒரு மேஸ்திரியின் கூட்டத்தில் போனவள்தான். இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை, முகத்தில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டே வந்த களைப்பு.

"இன்னா ரத்தினம்மா, இப்பத்தானே போனீங்க?"

"சைட்ட மூடிட்டான் மேஸ்திரிம்மா. அமெரிக்காவுல இன்னாமோ பேங்கு கவுந்துடுச்சாம். கம்பி கட்டனது கட்டனபடி நிக்குது. அல்லாரையும் போன்னுட்டான். பின்னாடி இன்னும் நாலு பஸ்ஸு வந்துக்கினு கீது. நீங்க எங்க போறீங்க?"

 தேவயானியின் கூட்டம் கலகலத்துப்போய் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தது. அவள் காதில் எதுவும் ஏறவில்லை. பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெங்களூர் ரோட்டில் யாராவது நடுவில் நின்று தலையை மட்டும் எண்ணியிருந்தால் என்ன எழுதியிருப்பான்? பஸ் நிரம்பி வழிகிறது, ஏகப்பட்ட வேலை நடக்கிறது என்றுதானே? இத்தனை வருஷம் பஸ்ஸைப் படித்தவளுக்கு இது தோன்றாமல் போயிற்றே! வேலை நடந்தாலும் பஸ் நிரம்பும். வேலை நின்றாலும் பஸ் நிரம்பும். எந்தப் பக்கம் போகிற பஸ் என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓடிவந்துவிட்டாள்.

 மனசில் எழுந்தது பயமா ஆசையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கூட்டத்தை வீட்டுக்குப் போகச் சொன்னாள். சைட் திறந்தால் நானே வந்து கூப்பிடுகிறேன் என்றாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள்.

"யோவ், திருப்பதி பஸ்ஸு எங்க நிக்குது?"

ஆதிநாராயணன் மஞ்சள் பையைத் தோளில் மாட்டினான். அதற்குள் அவளுடைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாம் இருந்தன. மருந்து போதும் என்ற கதையை அவன் ஒரு நாளும் நம்பவில்லை. நம்பாததைச் சொல்லவும் இல்லை. இவளை இழுத்துக்கொண்டு போக முடியாது, இவளாகத் திரும்பினால்தான் உண்டு என்று பத்து நாளாகக் காத்திருந்தான்.

"உனுக்காகத்தான் நின்னுக்கினு கீது, வா" என்றான். அன்றைய பேச்சு முழுவதையும் அவன் செலவழித்துவிட்டான்.

சுமித்ரா அவளைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள். பத்து நாளாக ஆஸ்பத்திரியே தேடிக்கொண்டிருந்ததாம். கொடுத்த போன் நம்பர் பெங்களூர் சைட்டுடையது. அங்கே மணி அடித்தது, எடுக்க ஆள் இல்லை. தேவயானி உட்காரக்கூட இல்லை. அன்றைக்குப் போனில் நீ பேசியதைக் கேட்டேன் என்றாள். பிறகு பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்திரகிரி வரைக்கும் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைக் கேட்டாள்.

"ஏறிடுச்சின்னியே, அது எந்தப் பக்கம் போற பஸ்ஸு? வேலைக்கு வர்றவங்களா, வேல முடிஞ்சி போறவங்களா?"

சுமித்ராவின் முகம் வெளுத்துவிட்டது. தன் ஒரு வாக்கியம் என்ன செய்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவளைத் தள்ளிக்கொண்டு டாக்டர் பிரேமலதா உள்ளே வந்தார். ஏம்மா, இன்னி ரோஜுலு எக்கட போயினாவு என்று, இத்தனை நாள் எங்கே போனாய் என்பதைத் தெலுங்கில் கேட்டுப் பிடித்துக்கொண்டார். பாதிக் கிணறு தாண்டினால் போதும் என்று நினைத்தாயா, உள்ளே விழுந்தால் யார் தூக்குவது என்று தமிழுக்கு வந்து திட்டினார். நடந்ததைக் கேட்டதும் சட்டென்று அடங்கினார்.

"சொல்லிடு சுமித்ரா. இல்லன்னா இந்தம்மா மறுபடி பஸ் ஏறிடும்" என்றார்.

சுமித்ரா சொன்னாள். அவள் எண்ணுவது ஒன்றில்லை, இரண்டு. எலும்பிலிருந்து குழாய் கட்ட வருகிற அணுக்களுக்கு ஒரு சாயம். கட்டி முடித்த குழாயின் சுவரிலிருந்து பெயர்ந்து விழுகிற அணுக்களுக்கு வேறு சாயம். அன்றைக்கு ஏறியிருந்தது இரண்டாவது கணக்கு. வேலைக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்திருந்தார்கள்.

"இடிஞ்ச சைட்டுலருந்து மூட்டை கட்டிக்கிட்டுப் போறவங்கதான்க்கா ஏறியிருந்தாங்க" என்றாள்.

 ஆனால் டாக்டர் அதற்குள் தேவயானியைச் சந்தோஷப்பட விடவில்லை. இது ஆராய்ச்சிக் கணக்கு, ஒரு எண்ணை நம்பி யாரும் வைத்தியம் பண்ணுவதில்லை, என் கை சொல்வதுதான் இப்போதைக்குக் கணக்கு என்று திரைக்குப் பின்னால் படுக்கச் சொன்னார். மாதக்கணக்கில் அவளே தொடாத இடத்தில் டாக்டரின் விரல்கள் அழுத்தின. இப்படித் தள்ளிப் பார்த்தன, அப்படித் தள்ளிப் பார்த்தன. அளவு எடுக்கிற கருவியை வைத்தார். மறுபடியும் வைத்தார். தேவயானி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சு வேலை சுத்தமில்லை என்று அந்த நேரத்திலும் கண்ணில் பட்டது.

"கதுலுத்துந்தி" என்றார் டாக்டர். அவள் கையைப் பிடித்து இழுத்து அங்கே வைத்தார். "நீயே பாரும்மா. நகருது."

நகர்ந்தது. பாறையாக ஒட்டிக்கொண்டிருந்தது, பாதிக்கும் கீழே சிறுத்து, விரலுக்கு வழிவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கியது. அவ்வளவு சந்தோஷத்தை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. படுத்த வாக்கிலேயே திரையை விலக்கித் தலையை நீட்டி, வாசலில் நின்ற ஆதிநாராயணனைப் பார்த்து, "யோவ், சைட்ட மூடிக்கினு கீறான்யா" என்று கத்தினாள். அந்த வராந்தாவில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

விட்டுப்போன மருந்தும் மீதி மருந்தும் ஏறின. தை கழிந்து ஆபரேஷன் நடந்தது. எடுத்த கட்டியை வெட்டிப் பார்த்ததில் பெரும்பாலும் செத்த சதைதான் என்றார்கள். அதற்குப் பிறகு கதிர்வீச்சு, மாத்திரை என்று ஒரு வரிசை இருந்தது. தேவயானி முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் முடித்தாள். அதற்குள் பெங்களூரில் சைட்டுகள் ஒன்றொன்றாகத் திறந்தன. சொன்ன வாக்குப்படி அவளே வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை நோயையும் சொன்னாள். லட்டு தின்றவர்கள் வெட்கப்பட்டார்கள். ஒருவர்கூட வேறு மேஸ்திரியிடம் போகவில்லை.

அடுத்த கார்த்திகையில் கடைசி ரத்தம் கொடுத்தாள். முடிவு கேட்க மறு வாரம் வந்தவளைப் பார்த்து சுமித்ரா அதிர்ந்துபோனாள். சுருள்சுருளாக வளர்ந்திருந்த முடியைக் காணோம். மழுமழுவென்று மொட்டை.

"அக்கா, என்னாச்சு? மறுபடியும் கொட்டிடுச்சா?"

"கொட்டினது இல்ல, நானா குடுத்தது" என்றாள் தேவயானி. தலையில் பூசியிருந்த சந்தனம் காதோரம் காய்ந்திருந்தது. "மாசக்கணக்கா பெருமாள் பேரச் சொல்லி ஊரை ஏமாத்திக்கினு இருந்தேன். நேத்து மலையேறிக் கடனைத் தீத்துட்டேன். இந்தா, இது மெய்யான லட்டு. துன்னு."

சுமித்ராவுக்கு உயிர் திரும்பி வந்தது. லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். தேவயானி பெஞ்சில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சின்னு டாக்டரம்மா சொன்னாங்க. இப்பவாச்சும் சொல்லு. பஸ்ஸுல எத்தினி பேரு?"

சுமித்ரா லட்டை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள். நல்ல உடம்பிலும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற அந்தச் சில அணுக்களை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று முந்தின நாளே யோசித்து வைத்திருந்தாள்.

"டிரைவரும் கண்டக்டரும்தான்க்கா."

காலி பஸ்ஸைப் பார்த்து வயிறு எரிந்தே பழகின தேவயானி மேஸ்திரி, அந்த வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தாள்.